சிறுமலைக்கு அப்பால் ஒரு தாய்வீடு

சிறுமலைக்கு இந்தப் பக்கம் நம் சாணார்பட்டி. அந்தப் பக்கம், அம்பாத்துரை ரயில் நிலையத்தை அடுத்துக் காந்திகிராமம். அங்குள்ள கஸ்தூரிபா ஆஸ்பத்திரியை அறியாத தாய்மார் இப்பகுதியில் குறைவு. அதை உண்டாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரை இளைய தலைமுறையினருள் எத்தனை பேர் அறிவர்? அம்மையார் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஆதரிக்கச் சொல்லும் வேதத்தை வாசிக்கிற நாம், அதைச் செய்து காட்டியவரை இவ்விழா மலரில் நினைவுகூர்வது முறையே.

1904-ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் செல்வப் புதல்வி. அக்கால வழக்கப்படி இளம் பருவத்திலேயே டாக்டர் சௌந்தரராஜனுக்கு மணம் முடிக்கப்பட்டார். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த கணவர், 1925-இல் அந்நோய்க்கே பலியானார். அந்நாளில் வைதிகக் குடும்பத்து இளம் விதவைக்கு என்ன காத்திருந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை; டில்லிக்குப் படிக்க அனுப்பினர். லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் டாக்டரானார்.

டில்லியில் சுசீலா நாயரின் நட்பால் காந்தியடிகளின் தொடர்பு கிட்டியது. ஹரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த கேரளத்து ஜி. ராமச்சந்திரனை அம்மையார் மணக்க விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மறுமணம் என்பது ஒன்று. சாதியும் மொழியும் வேறு. ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துப் பார்க்குமாறு காந்தியடிகள் பணித்தார். இருவரும் உறுதியாயிருக்கவே, 1940-இல் சேவாகிராமத்தில் தாமே முன்னின்று மணம் முடித்து வைத்தார்.

1944-இல் கஸ்தூரிபா மறைந்தபின், கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஏற்பட்ட நினைவு நிதியின் தமிழ்நாட்டுப் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. நகரத்தில் பெரிய டாக்டராய்ப் பேரெடுத்திருக்கலாம். அவரோ 1947-இல் கணவருடன் நெசவாளர் நிறைந்த சின்னாளபட்டிக்கு வந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். சிறு மருத்துவ விடுதியாக அங்கே ஆரம்பித்ததே பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாயிற்று.

பிரசவம் பார்க்கும் இடத்துக்குப் பெற்றவள் விட்டுச் சென்ற சிசுவும் வரும். புக்ககத்தார் துரத்திய பெண்ணும் வருவாள். இவ்விரு துயரங்களையும் அம்மையார் தனித்தனியே பார்க்கவில்லை. ஆதரவற்ற பெண்களுக்குக் கல்வியும் பயிற்சியும் தந்து கிராம சேவிகைகளாக்கினார். பிள்ளைகளுக்கு இல்லம் ஏற்பட்டது. அவர்களைத் தாயாயிருந்து வளர்க்கப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். குழந்தையில்லாத் தம்பதியருக்கு முறைப்படி சுவீகாரம் கொடுக்கும் பணியும் அங்கே வேரூன்றியது. பின்னாளில் முதியோருக்கும் இடம் உண்டாயிற்று. அரிசி, துணி கொடுத்துவிட்டு வீடு திரும்புவது நம்மில் பலருக்கும் பழக்கந்தான். பிள்ளைக்கு ஒரு மடியைத் தேடிக் கொடுப்பது அப்படியன்று. அது வருடக்கணக்கான வேலை. திருப்பூருக்கும் கோவைக்கும் மக்கள் பிழைக்கப் போய்விட, வீட்டுத் திண்ணையில் தனித்திருக்கும் நம் பகுதிப் பெரியவர்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது.

1952-இல் ஆத்தூர், 1957-இல் வேடசந்தூர்த் தொகுதிகளிலிருந்து சட்டசபைக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மத்திய கல்வித் துணை மந்திரியாகவும் இருந்தார். பத்மபூஷண் விருதும் வந்தது. பதவி முடிந்ததும் அவர் திரும்பி வந்த இடம் காந்திகிராமமே.

1984 அக்டோபர் 21-ஆம் நாள் அம்மையார் காலமானார். மருத்துவமனையும் பிள்ளைகள் இல்லமும் இன்றும் நடந்து வருகின்றன. பார்க்க விரும்புவோர் திண்டுக்கல் சென்று, மதுரை சாலையில் போகும் பஸ் ஏறிக் காந்திகிராமத்தில் இறங்கலாம்.