பெருந்தலைவர் அஷ்ரபும் வந்துசேராத அறிக்கையும்

யுத்த காலத்தில் ஒருநாள் எங்கள் பாடசாலை மைதானத்தில் ஹெலிகொப்டர் ஒன்று இறங்கியது. அது கிளப்பிய காற்றில் என் தொப்பி பறந்து, வால் பக்கமாக உருண்டு போனது. எடுக்க ஓடினேன். பின்னால் வந்த வாப்பா சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஒன்று வைத்தார். வாலில் சுழன்றுகொண்டிருந்த சிறிய விசிறி என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அது நின்ற பிறகுதான் அங்கே இறக்கைகள் இருந்ததைக் கண்டேன்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் அந்த அறை நினைவுக்கு வரும். கூடவே மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் நினைவும் வரும்.

1948ஆம் ஆண்டு சம்மாந்துறையில் பிறந்த அவர், கல்முனையில் வளர்ந்து சட்டத்தரணியானார். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி சேர்ந்து நின்றபோது, கூட்டணிக்காக மேடையேறினார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அணியில் நிற்க முடியும் என்று நம்பிய காலம் அது. முன்னணியின் முஸ்லிம் வேட்பாளர்கள் தோற்றார்கள். 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. 1986இல் அது அரசியல் கட்சியாக மாறியது.

அவருடைய பேரம் பேசும் திறமைக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற 12.5 வீத வாக்குகள் வேண்டும் என்றிருந்த வெட்டுப்புள்ளியை, 1988இல் பிரேமதாசவுக்கு ஆதரவு கொடுப்பதற்கு நிபந்தனையாக வைத்து, 5 வீதமாகக் குறைக்கச் செய்தார். அதன் பயன் முஸ்லிம்களோடு நிற்கவில்லை. தமிழ், மலையகக் கட்சிகளுக்கும், சிறிய சிங்களக் கட்சிகளுக்கும் கிடைத்தது. 1989இல் அவருடைய கட்சி 4 ஆசனங்களோடு பாராளுமன்றம் போனது.

1994இல் சந்திரிகாவின் அரசாங்கத்தில் கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். யுத்தத்தால் படிப்பு முறிந்த பிள்ளைகளுக்காக 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. மறு வருடமே அது பல்கலைக்கழகமானது. இன்று ஒலுவில் வளாகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். ஒலுவில் துறைமுகமும் அவர் கண்ட கனவுதான். இத்தனைக்கும் நடுவே கவிதையும் எழுதினார். 'நான் எனும் நீ' என்பது அவருடைய கவிதைத் தொகுதி.

கொழும்பிலிருந்து கிழக்குக்கு வரும் தரைவழி சோதனைச் சாவடிகளாலும் பயத்தாலும் நீண்டு கிடந்த காலம் அது. அமைச்சர்கள் விமானப்படை ஹெலிகொப்டர்களில் பறந்தார்கள். 2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட எம்.ஐ.-17 ஹெலிகொப்டர், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க மலைப்பகுதியில் விழுந்தது. அஷ்ரபோடு சேர்த்து 15 பேர் பலியானார்கள். அவருக்கு வயது 51. அவரோடு போன 14 பேருக்கும் வீடு இருந்தது, வாசலில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நாம் அதிகம் நினைப்பதில்லை.

வாப்பா என்னை அடித்ததற்கான காரணத்தைப் பெரியவனானதும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹெலிகொப்டரை முன்பக்கமாக, விமானி பார்க்கும்படிதான் நெருங்க வேண்டும், அதுவும் அவர் சைகை காட்டிய பிறகு. வால் பக்கம் போகவே கூடாது. வேகம் குறையும்போது மேலே உள்ள பெரிய இறக்கைகள் தாழ்ந்து வரும், ஆகையால் குனிந்தே நடக்க வேண்டும். நிலம் சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து வரக்கூடாது, அங்கே இறக்கைக்கும் தலைக்கும் இடைவெளி குறைவு. பறந்த தொப்பியைத் துரத்தக் கூடாது. சிறிய விமானத்தின் முன்விசிறியை, இயந்திரம் நின்றிருந்தாலும் கையால் தொடக்கூடாது, அது திடீரென்று சுழலலாம். பெரிய விமான நிலையத்தில் வேலியும் காவலும் இருக்கும். பாடசாலை மைதானத்திலும் ஒதுக்குப்புற ஓடுபாதையிலும் இந்த அறிவு மட்டும்தான் வேலி.

இந்த விதிகளை யாரும் அறையில் இருந்து யோசித்து எழுதவில்லை. எங்கோ ஒருவர் செத்தார் அல்லது காயப்பட்டார். ஏன் என்று விசாரித்தார்கள், எழுதினார்கள், எல்லோருக்கும் சொன்னார்கள். அடுத்தவர் பிழைத்தார். யார் ஏறினார், என்ன ஏற்றினார்கள், வானிலையை யார் பார்த்தார், இயந்திரத்தை யார் சோதித்தார் என்பதெல்லாம் தரையிலேயே பதிவாக வேண்டியவை. பறப்பின் பாதுகாப்பு தரையில்தான் தொடங்குகிறது.

அஷ்ரபின் மரணத்தை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் முழு அறிக்கை மக்கள் கைக்கு வந்துசேரவில்லை. அந்த வெற்றிடத்தில் வதந்திகள் குடியேறின. சதி என்றார்கள் சிலர், மூடுபனி என்றார்கள் சிலர். நான் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி அல்ல. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு வீதியில் நிற்கும் தமிழ்த் தாய்க்கும், காத்தான்குடிப் பள்ளிவாசலில் உறவை இழந்தவருக்கும் பதில் கிடைக்காத நாடு இது. இந்த 15 குடும்பங்களும் அதே வரிசையில்தான் நிற்கின்றன.

வாப்பா அடித்த பிறகு, எனக்குக் காரணத்தையும் சொன்னார். அதனால்தான் நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிகிறது. கல்முனைக்கு அரசு அந்தளவாவது கடன்பட்டிருக்கிறது.