மகாமதி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

வியாபாரிக்கு ஞாபகசக்தி பாதி முதல் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. பெட்டியடியில் அமர்ந்திருக்கும் முதலாளி ஒரு கையால் சில்லறை எண்ணிக் கொடுப்பார். அதே நேரத்தில் வாசலில் நுழைபவருக்கு ஸலாம் சொல்வார். மூட்டை இறக்குபவருக்கு இடம் காட்டுவார். சென்ற மாதம் கடன் சொல்லிச் சென்றவரின் பாக்கி எவ்வளவு என்பதும் அவர் மனதில் நிற்கும். இவ்வாறு நான்கைந்து காரியங்களில் ஒருங்கே கருத்தைச் செலுத்துவது நம்மவர்க்குப் பழக்கத்தால் வந்த திறமை. ஆனால் நான்கைந்து அல்ல, நூறு காரியங்களில் ஒரே வேளையில் கவனம் வைத்து, ஒன்றிலும் தவறாமல் வென்று காட்டிய ஒருவர் நம் சமுதாயத்தில் வாழ்ந்தார். அவர்தாம் கோட்டாறு மர்ஹூம் செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள். அவருடைய பெயரை அறிந்தவர் நம்மில் பலர். வரலாற்றை அறிந்தவர் சிலரே. ஆகவே அதனைச் சுருக்கமாக இங்கே எடுத்துரைப்போம்.

நாஞ்சில் நாட்டில் நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றின் பகுதியாகிய இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் பாவலர் பிறந்தார். தந்தையார் பக்கீர் மீரான் சாகிபு. தாயார் ஆமினா அம்மையார். அக்காலத்தில் அவ்வூர் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் தமிழ். பள்ளிக்கூடத்திலோ மலையாளம். எனவே பாவலரும் பள்ளியில் மலையாளமே படித்தார். தாய்மொழியை முறையாகக் கற்க வேண்டும் என்னும் ஆவல் மேலிட்டு, சங்கரநாராயண அண்ணாவியார் என்னும் புலவரிடம் சென்று மாணவராக அமர்ந்தார். இலக்கண இலக்கியங்களை அவரிடம் பாடங்கேட்டார். ஒரு முஸ்லிம் இளைஞருக்கு ஓர் இந்துப் புலவர் தம்மிடமிருந்த கல்வியை ஒளிக்காமல் கொடுத்தார். மாணவரும் அந்த நன்றியை வாழ்நாள் முழுதும் தமிழுக்கே திருப்பிச் செலுத்தினார்.

இளமையிலேயே அவருக்குப் பாட்டு கைவந்தது. அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று பழம்புலவர்கள் நடந்த கடினமான வழிகளிலெல்லாம் அவர் நடந்தார். திருநாகூர்த் திரிபந்தாதி, நாகைக் கோவை, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நபிகள் நாயக மான்மிய மஞ்சரி முதலியன அவர் இயற்றிய நூல்களிற் சில. திரிபந்தாதி பாடுவது எளிதன்று. ஒவ்வோர் அடியிலும் முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்து வரும் எழுத்துக்கள் ஒன்றாகவே நிற்க, பொருள் மட்டும் வெவ்வேறாக வரவேண்டும். மார்க்கத்துப் பெரியார்களின் புகழை இத்தகைய தமிழில் அவர் பாடிவைத்தார்.

பிறகு பாவலர் சென்னைப் பட்டினம் வந்து சேர்ந்தார். அங்கே இட்டா பார்த்தசாரதி நாயுடு என்பவர் நூல்களை அச்சிட்டு வெளியிட்டு வந்தார். அவருடைய பதிப்பகத்தில் பாவலர் புலவராக அமர்ந்து நூல்களைப் பார்வையிட்டும் திருத்தியும் வந்தார். அவர் செய்த பணிகளுள் தலையாயது சீறாப்புராணத்திற்கு உரை எழுதியதாகும்.

சீறாவின் வரலாறு நம் வியாபாரிகள் எல்லாரும் அறிய வேண்டிய ஒன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாடிய உமறுப் புலவருக்கு முதலில் துணை நின்றவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் கடல் வணிகர். வள்ளலுக்குப் பின் ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அவரும் செல்வந்தர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்நூல் நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது. 1842ஆம் ஆண்டில் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனை அச்சிற் கொணர்ந்தார்கள். எனினும், அச்சில் வந்துவிட்டால் மட்டும் போதுமா? அரபுச் சொற்களும் அருந்தமிழ்ச் சொற்களும் கலந்த பாடல்களைப் படிப்பவர் பொருள் விளங்காமல் திகைத்தனர். அரபுச் சொல் அறிந்தவருக்குத் தமிழ் நயம் எட்டவில்லை. தமிழ் நயம் அறிந்தவருக்கு அரபுச் சொல் விளங்கவில்லை. இரண்டும் அறிந்த பாவலரின் உரை அந்தக் குறையைப் போக்கியது. அதை எழுதச் செய்து வெளியிட முன்வந்தவர் ஓர் இந்துப் பதிப்பாளர் என்பதை நாம் மறத்தலாகாது.

அந்நாளில் சென்னையில் சங்கீதக் கச்சேரி, நாடகம், பிரசங்கம் எல்லாம் செழித்து வளர்ந்துவந்தன. மாலை வேளைகளில் பேச்சுக் கேட்கவென்றே ஜனங்கள் திரள்வர். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே செங்கல் சிவப்பில் உயர்ந்து நிற்கும் விக்டோரியா மண்டபம் இவற்றிற்கெல்லாம் நடு இடமாக விளங்கியது. சிஸம் என்னும் ஆங்கிலேயச் சிற்பியின் திட்டப்படி 1880களில் கட்டப்பட்ட அம்மண்டபத்தில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் நாடகங்கள் ஆடினர். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே சொற்பொழிவு ஆற்றினார். அந்த மேடையில் ஏறியவரின் பெயர் மறுநாள் நகரமெங்கும் பேசப்படும். தடுமாறினால் அதுவும் அப்படியே பேசப்படும்.

அந்த மேடையில்தான் 1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் பாவலர் சதாவதானம் செய்தார். அப்போது அவருக்கு வயது 32.

அவதானம் என்றால் கவனம். எட்டுக் காரியங்களில் ஒருங்கே கவனம் வைப்பவர் அட்டாவதானி. பத்தில் வைப்பவர் தசாவதானி. பதினாறில் வைப்பவர் சோடசாவதானி. நூறில் வைப்பவர் சதாவதானி. சபையின் நடுவே அவதானியார் அமர்ந்திருப்பார். சுற்றிலும் கேள்வி கேட்போர் இருப்பர். ஒருவர் பொருளைச் சொல்லி வெண்பா கேட்பார். ஒருவர் ஈற்றடியை மட்டும் கொடுத்து மற்ற அடிகளைப் பாடச் சொல்வார். ஒருவர் பெரிய எண்களைச் சொல்லிப் பெருக்கச் சொல்வார். ஒருவர் ஆண்டும் தேதியும் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் எதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடுவார். மற்றொருவர் பின்புறமிருந்து முதுகின்மேல் ஒவ்வொரு கல்லாக எறிந்துகொண்டிருப்பார். வேறொருவர் நினைத்த போதெல்லாம் மணியை அடிப்பார். எத்தனை கல் விழுந்தது, எத்தனை முறை மணி ஒலித்தது என்று இறுதியில் சொல்லியாக வேண்டும். இடையிடையே இலக்கணத்தில் ஐயம் கேட்போரும், வீண்பேச்சுப் பேசிக் கவனத்தைக் கலைப்போரும் உண்டு. கையில் ஏடு கிடையாது. எழுதுகோல் கிடையாது. எல்லாவற்றையும் மனமாகிய பேரேட்டில் பதிந்துகொண்டு, முடிவில் கணக்கு முடித்துக் காட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் ஐந்தொகை ஒத்துவராது.

பாவலர் கணக்கை முடித்துக் காட்டினார். வித்துவான்கள் கூடிய அந்தச் சபை அவருக்கு மகாமதி என்னும் பட்டத்தையும் சதாவதானி என்னும் விருதையும் அளித்தது. அன்று முதல் அப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அவருடைய சமயோசித புத்திக்குச் சான்றாக ஒரு சம்பவத்தை வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஓர் அவையில் ஒருவர் எழுந்து, துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொன்னாராம். துருக்கன் என்பது முஸ்லிமைக் குறிக்க அன்று வழங்கிய சொல். பாடினால் இராம கதைக்குப் பிழை. பாடாவிட்டால் அவதானிக்குத் தோல்வி. சபையோர் மூச்சடக்கி இருந்தனர். பாவலர் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. தசரதன் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் பாடி வந்து, ஈற்றடிக்கு முந்திய அடியைச் சத் என்னும் அசையில் முடித்தார். அடுத்த அடியோடு அது சேர்ந்ததும் துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான். சத்துருக்கன் இராமனின் தம்பியே அல்லவா? கேள்வியில் குத்தல் இருந்ததோ விளையாட்டு இருந்ததோ, விடையில் கோபம் இல்லை. தமிழ் இருந்தது. இந்த அவையில் உனக்கு என்ன இடம் என்று கேட்பவர்க்கு இதைவிட மேலான மறுமொழி உண்டா?

அவர் வாழ்வில் இன்னொரு பெரும் நிகழ்ச்சி அருட்பா விவகாரம். வடலூர் இராமலிங்க வள்ளலார் பாடிய பாடல்கள் 1867இல் திருவருட்பா என்னும் பெயரோடு வெளிவந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அவற்றை அருட்பா என்று சொல்லலாகாது, மருட்பா என்றே சொல்ல வேண்டும் என்று மறுத்தார். அந்தச் சச்சரவு வள்ளலார், நாவலர் இருவர் காலத்திற்குப் பின்னும் ஓயவில்லை. நா. கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சிக்குத் தலைமை தாங்கினார். அவரும் ஒரு சதாவதானியே. சென்னையிலும் வெளியூர்களிலும் மேடைக்கு மேடை வாதங்கள் நடந்தன. அருட்பாவின் பக்கம் நின்று பேசியவர்களில் நம் பாவலரும் ஒருவர். காஞ்சிபுரத்தில் அவர் ஆற்றிய பிரசங்கத்தைக் கேட்டு உள்ளம் உருகிய ஜனங்கள் அவரை யானைமீது ஏற்றி ஊர்வலமாக அழைத்துச் சென்றனர் என்பர். வள்ளலார் மறைந்ததும் பாவலர் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1874இல், என்பது நினைக்கத்தக்கது.

சைவர்களின் வழக்கில் முஸ்லிம் புலவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பாவலர் தம் ஈமானை ஒரு மேடையிலும் விலைபேசியவர் அல்லர். நாயகத்தின் புகழைப் பாடியதும் சீறாவுக்கு உரை கண்டதும் அதே நாவும் அதே கையுமே. ஒரு பாட்டின் தரத்தைத் தமிழறிந்தவன் என்ற முறையில் அவர் எடைபோட்டார். நேர்மையான வியாபாரி தராசைப் பிடிக்கும்போது எதிரே நிற்பவர் யார் என்று பார்ப்பதில்லை. எடை சரியா என்றே பார்க்கிறான். பாவலர் பிடித்ததும் அத்தகைய தராசுதான். அதனாலேயே அவருக்கு யானைமேல் இடம் கிடைத்தது.

பின்னாளில் அவருடைய நாவன்மை நாட்டு விடுதலைக்கும் பயன்பட்டது. கதராடை அணிந்து காங்கிரஸ் மேடைகளில் பேசினார். இறுதிவரை கோட்டாற்றுப் பாவலராகவே எளிமையாக வாழ்ந்து, 1950ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் இவ்வுலகை நீத்தார். அவர் பிறந்த மண் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்தது. அதைக் காண அவர் இல்லை. ஆனால் மண் சேர்வதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அவர் சென்னைக்குச் சென்று, தம் ஊரின் பெயரைத் தமிழகத்தின் நடு மேடையில் ஒலிக்கச் செய்துவிட்டார். இடலாக்குடியில் அரசு மேல்நிலைப்பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

மலையாளம் படித்த சிறுவன் ஆசானைத் தேடிச் சென்று தமிழ் கற்றான் என்பதே இவ்வரலாற்றின் ஆணிவேர். அவன் தேடிப் போகாமல் இருந்திருந்தால் சதாவதானியும் இல்லை, சீறாவுக்கு அந்த உரையும் இல்லை. கடல் கடந்து வாழும் நம் வீடுகளிலும் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழிகள் படிக்கிறார்கள். அது பிழைப்புக்கு அவசியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அண்ணாவியாரைத் தேடிப்போகும் ஆவல் அவர்களிடம் உண்டா? அந்த ஆவலை ஊட்ட நமக்கு நேரம் உண்டா? கடன் கணக்கையெல்லாம் தலையில் சுமந்த முந்தைய தலைமுறை போய், வீட்டுத் தொலைபேசி எண்ணைக்கூடக் கருவியில் தேடும் காலம் வந்துவிட்டது. அவதானக் கலை தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்னும் மேடையேறுகிறது. தமிழில் அருகிப்போய்விட்டது.

சீதக்காதியைப் போல் காப்பியம் பாடுவிக்க எல்லாராலும் இயலாது. ஆனால் ரபீவுல் அவ்வல் பிறை காணும்போது சீறாவை வீட்டில் எடுத்து வைத்து, பிள்ளைகளை அருகில் அமர்த்தி, உரையோடு பத்துப் பாடல்கள் படிக்கச் செய்வது யாருக்கும் இயலும். அதற்கு முதல் வேண்டியதில்லை. கடையை அரைமணி முன்னதாகச் சாத்தினால் போதும்.

வல்ல நாயன் பாவலர் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்கி, அவர்களின் தமிழ்ப் பற்றையும் மார்க்கப் பற்றையும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.