சமாதானத் தூதர் புனித ஃப்ளூ நிக்கோலாஸ்

சுவிட்சர்லாந்து நாட்டின் பாதுகாவலராகிய புனித நிக்கோலாஸ், 1417-ஆம் ஆண்டு ஒப்வால்டன் மலைநாட்டில், சாக்செல்ன் பங்கைச் சேர்ந்த ஃப்ளூயெலி என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். எழுதப் படிக்க அறியாதவர். தொரொத்தேயா என்னும் உத்தமியை மணந்து பத்து மக்களுக்குத் தந்தையானார். போர்வீரராகவும், ஊர்ச்சபை உறுப்பினராகவும், நீதிபதியாகவும் பணியாற்றினார். போர்முனையில் எதிரிகள் ஒளிந்திருந்த கன்னியர் மடமொன்றைத் தீக்கிரையாக்கத் துணிந்த தம் தோழர்களை அவர் தடுத்துக் காத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஐம்பதாம் வயதில், 1467-ல், மனைவியின் சம்மதம் பெற்று, வீட்டையும் பதவிகளையும் துறந்து புறப்பட்டார். கடைசிக் குழந்தை அப்போது கைக்குழந்தை. அந்தச் சம்மதத்தின் பாரத்தை வாழ்நாளெல்லாம் சுமந்தவர் தொரொத்தேயாவே. புனிதரின் புகழில் அவருக்கும் பங்குண்டு. தூர தேசம் செல்ல நினைத்த நிக்கோலாஸ், தம் வீட்டுக்கு அருகிலேயே ரான்ஃப்ட் என்னும் பள்ளத்தாக்கில் தங்கினார். ஊர் மக்கள் அவருக்கு ஒரு குடிலும் சிற்றாலயமும் கட்டிக் கொடுத்தனர். திவ்விய நற்கருணையன்றி வேறு உணவின்றி ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது அக்கால மக்களின் சாட்சியம். ஆலோசனை தேடி ஏழைகளும் வந்தனர். அரசுத் தூதர்களும் வந்தனர்.

அந்நாளில் சுவிஸ் நாடு எட்டு மாநிலங்களின் கூட்டமைப்பாக இருந்தது. 1474 முதல் 1477 வரை பர்கண்டி கோமகனோடு நடந்த போரில் அவர்கள் வெற்றி கண்டனர். ஆனால் வெற்றியே வினையாயிற்று. கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதில் பிணக்கு எழுந்தது. ஃப்ரீபூர், சோலோத்தூர்ன் என்னும் இரு நகரங்களைக் கூட்டமைப்பில் சேர்க்க வேண்டுமென்று சூரிக், பெர்ன், லூசர்ன் நகரத்தார் விரும்பினர். நகரங்களின் கை ஓங்கிவிடுமென்று அஞ்சி நாட்டுப்புற மாநிலங்கள் ஐந்தும் மறுத்தன. 1481 டிசம்பரில் ஸ்டான்ஸ் நகரில் கூடிய பேரவை முறிந்தது. பிரதிநிதிகள் ஊர் திரும்ப ஆயத்தமாயினர். உடன்பிறந்தார் ஒருவர்மேல் ஒருவர் வாளெடுக்கும் நிலை நெருங்கிற்று.

அப்போது ஸ்டான்ஸ் பங்குக் குரு ஹைமோ அம்குருண்ட், நள்ளிரவில் பனிக்கால மலைவழியே ரான்ஃப்ட் நோக்கி விரைந்தார். நிக்கோலாசின் செய்தியோடு வியர்க்க வியர்க்கத் திரும்பி, விடுதி விடுதியாக ஓடி, கண்ணீர் விட்டு மன்றாடிப் பிரதிநிதிகளை மீண்டும் கூட்டினார். அந்தச் செய்தி இன்னதென்று வெளியே சொல்லப்படவில்லை. ஆனால் சில மணி நேரத்தில், டிசம்பர் 22 அன்று, ஒப்பந்தம் உருவாயிற்று. நாடெங்கும் ஆலய மணிகள் முழங்கின.

அந்த ஒப்பந்தம் வெறும் நல்லெண்ண வார்த்தையன்று. ஒருவரையொருவர் தாக்கலாகாது; போரில் கிடைக்கும் பொருளை ஆள்கணக்குப்படியும், நிலத்தை மாநிலங்களுக்குச் சமமாகவும் பங்கிட வேண்டும் என்று அது விதித்தது. ஆள்பலமுள்ள நகரத்தாருக்கும் நியாயம். சிறிய மாநிலத்தாருக்கும் நியாயம். இரு நகரங்களும் சேர்ந்து மாநிலங்கள் பத்தாயின. 1798 வரை அந்த ஒப்பந்தம் நிலைத்து நின்றது.

நிக்கோலாஸ் ஸ்டான்சுக்குப் போகவேயில்லை. எனினும் அவர் சொல்லுக்கு இரு தரப்பும் பணிந்ததேன்? அவருக்கு எந்தப் பங்கும் வேண்டியிருக்கவில்லை. தமக்கென்று ஒன்றும் நாடாதவனின் சொல் மட்டுமே இரு பக்கமும் ஏறும்.

1487 மார்ச் 21 அன்று புனிதர் இறைவனடி சேர்ந்தார். 1947-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! வரப்புத் தகராறும், பங்காளிச் சண்டையும், திருவிழா மரியாதைப் பூசலும் நாம் அறியாதவையல்ல. ஆதாயம் தேடாத சொல்லும், நியாயமான பங்கீடும், இரவென்று பாராமல் நடக்கும் கால்களும் நம் பங்கில் பெருகப் புனித நிக்கோலாஸ் நமக்காக வேண்டிக்கொள்வாராக!