மென்குரலால் உலகை வென்ற ஜிம் ரீவ்ஸ்

நத்தார் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஓர் ஆண்குரல் ஒலிக்கத் தொடங்கும். கிழக்கிலங்கையில் அது மாரி மழையின் காலம். மாவடிப்பள்ளி வயல்வெளிகள் பச்சை போர்த்தி நிற்கும். கல்முனைப் பக்கத்துக் கத்தோலிக்க இல்லங்களில் பலகாரம் சுடும் வாசனையோடு அந்தக் குரலும் கலந்து வரும். அதட்டலோ ஆர்ப்பாட்டமோ இல்லாமல், பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோலப் பாடும் அக்குரலுக்கு உரியவர் ஜிம் ரீவ்ஸ். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவர் பாட்டை விரும்பும் பலருக்கு அவர் பட்ட பாடு தெரியாது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், காலோவே என்னும் சிற்றூரில், 1923 ஆகஸ்ட் 20ஆம் நாள் ஜேம்ஸ் டிராவிஸ் ரீவ்ஸ் பிறந்தார். வறிய, பெரிய குடும்பம். குழந்தை தவழும் பருவத்திலேயே தந்தை இறந்துபோனார். தாய் வயலில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்.

சிறுவயதிலேயே கிற்றார் மீது ஆசை பிறந்தது. ஆனாலும் இளைஞன் ஜிம் கண்ட கனவு வேறு. பேஸ்போல் என்னும் பந்தாட்டத்தில் புகழ்பெற வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1944இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தைச் சேர்ந்த சிறிய அணியொன்றில் பந்துவீச்சாளராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் கழிந்தன. பந்து வீசும்போது காலுக்குச் செல்லும் நரம்பில் ஏற்பட்ட காயம் அந்தக் கனவை அடியோடு முடித்துவைத்தது.

1947இல் மேரி வைட் என்ற பெண்ணை மணந்தார். பிழைப்புக்காக வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை பார்த்தார். பிற்காலத்தில் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகர வானொலியில் பணிபுரிந்தபோது, அங்கு ஒலிபரப்பான நாட்டுப்புற இசை நிகழ்ச்சியில் பாடும் வாய்ப்பும் கிட்டியது. ‘கன்ட்ரி’ இசை என்று அழைக்கப்படும் அது, அமெரிக்கக் கிராம மக்களின் காதலையும் கண்ணீரையும் பக்தியையும் பாடும் இசை. 1953இல் அவர் பாடிய ‘மெக்சிக்கன் ஜோ’ அவ்வகைப் பாடல்களின் வரிசையில் முதலிடம் பிடித்தது. ‘பிம்போ’வும் தொடர்ந்து வெற்றி பெற்றது.

அந்நாளில் அவரும் மற்றவர்களைப்போல உரத்த குரலிலேயே பாடிவந்தார். 1955இல் ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்த பின்னர் தம் வழியை மாற்றிக்கொண்டார். ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பாடத் தொடங்கினார். நிறுவனத்தாருக்கு இது பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் மட்டும் அவருக்குத் துணைநின்றார். பெண்குரலுக்கென எழுதப்பட்டிருந்த ‘ஃபோர் வால்ஸ்’ பாடலை 1957இல் ஜிம் இப்புதிய முறையில் பாடினார். நாட்டுப்புற இசைக்கு அப்பாலும் ரசிகர்கள் திரண்டார்கள்.

அவருக்கு உலகப் புகழ் தந்த பாடல் 1959இன் இறுதியில் வெளிவந்த ‘ஹீ இல் ஹாவ் டு கோ’. தொலைபேசியில் மிக மெதுவாகப் பேசும் வழக்கம் கொண்ட ஒரு மனைவியும், அவர் கணவரும் சேர்ந்து இயற்றிய பாடல் அது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் இடம்பெற்ற அப்பாடலே வானொலிகளில் முந்திக்கொண்டது. 1960இல் 14 வாரங்கள் நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடத்தில் நின்றது.

அதன்பின் அவர் குரல் கடல் கடந்தது. ஐரோப்பிய நாடுகளில் பாடினார். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென்னாபிரிக்காவிலும் பெரும் புகழ் பெற்றார். ஆபிரிக்கான்ஸ் மொழியில் பாடினார். ‘கிம்பர்லி ஜிம்’ என்ற திரைப்படத்தில் நடித்தார். நம் நாட்டுக்கோ இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் அவர் சொற்கள் தெளிவாக விளங்கின. அவர் நிதானமாகப் பாடியதே அதற்குக் காரணம்.

பக்திப் பாடல்களையும் அவர் விரும்பிப் பாடினார். 1962இல் ‘வீ தேங்க் தீ’ என்னும் பக்தி இசைத்தட்டும், 1963இல் 12 நத்தார்ப் பாடல்கள் கொண்ட இசைத்தட்டும் வெளியாயின. இன்று நம் வீடுகளில் ஒலிப்பது பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டுதான். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் பாலன் பிறப்பைப் பாடிய அக்குரலை நம் குடும்பங்கள் தம்முடையதாகவே ஏற்றுக்கொண்டன.

அந்த இசைத்தட்டு வெளிவந்த பின் ஒரு நத்தார்ப் பண்டிகையை மட்டுமே அவர் கண்டார். 1964 ஜூலை 31ஆம் நாள், தம் பியானோ கலைஞர் டீன் மானுவலுடன் ஆர்கன்சாவிலிருந்து நாஷ்வில் நகருக்குச் சிறிய விமானமொன்றைத் தாமே ஓட்டிச் சென்றார். வழியில் கடும் இடிமழை. திசையும் நிலையும் தடுமாறி, நகரை அண்மிக்கையில் விமானம் காட்டுக்குள் விழுந்து நொறுங்கியது. நூற்றுக்கணக்கானோர் தேடியும் இரண்டு நாட்களின் பின்னரே உடல்கள் கிடைத்தன. நாற்பத்தொன்றாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்களே இருந்தன. டெக்சாசின் கார்த்தேஜ் நகருக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தனித்து நின்ற மேரி, கணவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைப் பொன்போலப் பேணி, ஒவ்வொன்றாக வெளிவரச் செய்தார். பாடலாசிரியை சிண்டி வாக்கருக்காக மாதிரியாகப் பாடி வைத்திருந்த ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ 1966இல் வெளியாகி, இங்கிலாந்தில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸ் குழுவினர் கொடிகட்டிப் பறந்த காலம் அது! மறு ஆண்டு நாட்டுப்புற இசையின் புகழ் மண்டபத்தில் ஜிம்மின் பெயர் சேர்க்கப்பட்டது.

ஒரு நரம்புக் காயத்தோடு எல்லாம் முடிந்ததென்று அந்த இளைஞர் மூலையில் அமர்ந்திருந்தால், இக்குரல் நமக்குக் கிடைத்திராது. சத்தம் போட்டால்தான் நாலுபேர் கேட்பார்கள் என்ற எண்ணம் இன்று வீட்டிலும் வீதியிலும் பெருகிவருகிறது. இந்த நத்தாருக்கு அவர் பாட்டை ஒலிக்கவிடும்போது, பிள்ளைகளை அருகில் அழைத்து இவ்வரலாற்றையும் சொல்லிக்கொடுங்கள். தாழ்ந்த குரலுக்கும் உலகம் செவிசாய்க்கும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.