பழைய மேடை தரும் ஆறுதல்

தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் ஆகிய பகுதிகளில் இன்று முதியோர் மட்டுமே வசிக்கும் வீடுகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ பணியாற்ற, மாலைப்பொழுதில் அவ்வீடுகளில் துணையாக இருப்பது தொலைக்காட்சிப் பெட்டிதான். அதில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பவை புதிய தொடர்கள் அல்ல. பல முறை பார்த்து முடிந்த பழைய திரைப்படங்களும், பழைய நகைச்சுவை நாடகங்களும், பழைய பாடல் காட்சிகளும்தான். அடுத்த வசனம் என்ன என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரியும். ஆயினும் அந்த வசனம் வரும்போது புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கிறார்கள்.

இதனைப் பொழுதுபோக்கு என்றோ, கடந்த காலத்திலேயே தேங்கி நிற்கும் மனப்போக்கு என்றோ இளையோர் எண்ணக்கூடும். ஆனால், நாளை என்ன நேருமோ என்ற கவலை மிகுந்த வயதில், முடிவு தெரிந்த ஒரு கதையோடு இரண்டு மணி நேரம் இருப்பது சிறிய ஆறுதல் அன்று. அந்த ஆறுதலுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களுள் ஒருவரின் பெயர் நம் பகுதியின் ஊர்ப் பெயரோடு இணைந்தே வழங்குகிறது. அவர் பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார்.

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பம்மலைக் கடந்து செல்கின்றனர். 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் இணைக்கப்பட்ட ஐந்து நகராட்சிகளுள் பம்மலும் ஒன்று. தமிழ் நாடக வரலாற்றைப் படித்தவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர் வேறொன்றை நினைவூட்டும். முதலியாரின் பூர்விக ஊர் அது. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் சென்னை நகரத்தில்.

1873-இல் பிறந்த சம்பந்த முதலியாரின் தந்தை விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் பணியாற்றியவர். புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்த சிறுவனுக்கு ஆங்கில நாடக இலக்கியத்தில் ஈடுபாடு ஏற்பட்டது. ஆனால் தமிழ் நாடகம் என்றால் வெறுப்பு. அன்றைய படித்த குடும்பங்களின் பொதுவான மனநிலை அது. இரவு முழுவதும் நடக்கும் கூத்து, கதைக்குத் தொடர்பில்லாத பாட்டுகள், ஒழுங்கற்ற நேரம், நடிகர்களைக் கூத்தாடிகள் என்று இழித்துரைக்கும் வழக்கம் ஆகியவை எல்லாம் சேர்ந்து, தமிழ் மேடை என்பது கல்வி கற்றவர் கால் வைக்கக் கூடாத இடம் என்ற எண்ணத்தை உருவாக்கியிருந்தன.

அவரது பதினெட்டாம் வயதில் அந்த எண்ணம் மாறியது. 1891-இல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் தமது குழுவினரோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். கிருஷ்ணமாச்சாரியார் வழக்கறிஞர், அவருடன் நடித்தவர்களும் கல்வி கற்றுப் பல தொழில்களில் இருந்தவர்கள். மதிப்புக்குரிய தொழிலில் இருப்பவர்கள் மேடையேறி நடிக்க முடியும் என்றால், தெலுங்கில் இயன்றது தமிழில் ஏன் இயலாது என்ற கேள்வி இளைஞர் சம்பந்தத்தின் மனத்தில் எழுந்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

அவர் முதலில் எழுதிய நாடகம் 'புஷ்பவல்லி'. அடுத்த சில ஆண்டுகளில், 1895-இல், 'மனோகரா' மேடையேறியது. தந்தையின் தவறால் அவமானத்துக்கு உள்ளாகும் தாய். அவளது சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் வீரமிக்க மகன். இறுதியில் அந்தத் தாயே விலக்கும் கட்டு. இந்தக் கதையமைப்பு தமிழ்ப் பார்வையாளர்களின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. சபையின் மேடையோடு நில்லாமல், தொழில்முறை நாடகக் குழுக்களும் பாய்ஸ் கம்பெனிகளும் இதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றன.

முதலியார் செய்த மாற்றங்கள் இன்று எளியவையாகத் தோன்றலாம். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். அறிவித்த நேரத்தில் திரை உயர வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். பாட்டுக்கு இருந்த இடத்தைக் குறைத்து உரைநடை வசனத்துக்கு முதன்மை அளித்தார். ஒத்திகை இல்லாமல் எவரும் மேடையேறக் கூடாது என்ற ஒழுக்கத்தை நிலைநிறுத்தினார்.

அதே காலத்தில் தமிழ் நாடகத்துக்கு மற்றொரு பெரும் பாதையும் இருந்தது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த இசை நாடகப் பாதை அது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய இரவுகளை ஒரு தலைமுறையே நினைவில் சுமந்து திரிந்தது. இசை நாடகத்தின் உயிர் பாட்டில் இருந்தது. முதலியாரின் நாடகத்தின் உயிர் பேச்சில் இருந்தது. இவற்றுள் எது உயர்ந்தது என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. பிற்காலத் தமிழ்த் திரைப்படம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. பாட்டும் வசனமும் சரிபாதியாகக் கலந்த அந்தக் கலவையைத்தான் இன்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து மகிழ்கிறோம்.

ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்கு ஏற்றவாறு தந்ததும் முதலியாரின் முக்கியப் பணி. 'ஹாம்லெட்' அவர் கையில் 'அமலாதித்யன்' ஆனது. 'மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ்', 'வாணீபுர வணிகன்' ஆனது. மூல நாடகத்தின் பெயர்களை ஒலி ஒப்புமையோடு தமிழாக்கும் அவரது முறையே தனிச் சுவை உடையது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார்.

இவ்வளவும் அவரது முழுநேரத் தொழில் அன்று என்பதே வியப்புக்குரியது. அவர் வழக்கறிஞராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னை சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியானார். பகலில் கடன் பத்திரங்களையும் வாடகை வழக்குகளையும் விசாரித்தவர், மாலையில் ஒத்திகைக்குச் சென்றார். தேசியத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி சபையின் மேடையில் நடித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் சபையோடு தொடர்புடையவரே.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு என் கவனத்தை ஈர்க்கிறது. பாமோல், போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 1966-இல் நிகழ்த்து கலைகளின் பொருளாதாரச் சிக்கலை ஆராய்ந்து நூல் ஒன்றை வெளியிட்டனர். அவர்கள் கண்ட உண்மை எளியது. தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்னைவிடப் பன்மடங்கு பொருள்களை உருவாக்குவார். அதற்கேற்ப அவரது ஊதியமும் உயரும். ஆனால் ஒரு நாடகத்தை நடத்த நூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை நடிகர்களும் எத்தனை மணி நேரமும் தேவைப்பட்டனவோ, இன்றும் அத்தனையே தேவை. மற்றத் துறைகளில் ஊதியம் உயரும்போது நடிகர்களுக்கும் உயர்த்தித் தர வேண்டும், உற்பத்தியோ கூடுவதில்லை. எனவே, மேடைக் கலை ஆண்டுக்கு ஆண்டு செலவு மிக்கதாகிக்கொண்டே செல்லும்.

இச்சிக்கல் ஏட்டில் விளக்கப்படுவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே சுகுண விலாச சபை தனக்கென ஒரு விடை கண்டிருந்தது. நடிகரின் வாழ்வாதாரம் நீதிமன்றத்திலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வரும். மேடைக்கு அவர் தருவது ஓய்வு நேரத்தை மட்டுமே. பயில்முறை நாடகம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த விடைக்கு ஒரு குறையும் உண்டு. நல்ல வேலையும் ஓய்வு நேரமும் உள்ளவர்களுக்கே அது பொருந்தும். பாய்ஸ் கம்பெனியில் சோற்றுக்காகச் சேர்ந்த ஏழைச் சிறுவனுக்கு அந்த வசதி இல்லை. பெண் வேடங்களைச் சபையில் ஆண்களே ஏற்றனர். முதலியாரோடு நாயகி வேடங்களில் நடித்துப் புகழ் பெற்ற சி. ரங்கவடிவேலுவும் ஓர் ஆணே. முதலியார் தமிழ் மேடைக்குப் பெற்றுத் தந்த மதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அவரது தாக்கம் கடல் கடந்தும் பரவியது. சபையினர் இலங்கைக்குச் சென்று நாடகங்கள் நடத்தினர். ஈழத்து நாடக முன்னோடியான கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரைத் தம் குருவாகவே போற்றினார்.

திரைப்படம் பேசத் தொடங்கியபோது முதலியாருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாடக மேடையில் புகழ் பெற்றவர்கள் பலர் புதிய ஊடகத்தை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. அவர் ஒதுங்கி நிற்கவில்லை. 1936-இல் 'மனோகரா' படமானபோது மன்னர் புருஷோத்தமனாகத் தாமே நடித்தார். தமது திரைப்பட அனுபவங்களையும் நூலாக எழுதினார். 1954-இல் மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'மனோகரா' தமிழகமெங்கும் முழங்கியது. அதன் மூலக் கதையை எழுதியவர் அப்போதும் நம்மிடையே வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஆறுதல் என்று நோக்கினால் 'சபாபதி' சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. முதலாளியின் பெயரும் சபாபதி, வேலைக்காரனின் பெயரும் சபாபதி. இருவரும் வெகுளிகள். இந்த நகைச்சுவை நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் படமாக்கினார். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்த அப்படம் 1941 டிசம்பரில் வெளியானது. அம்மாதத்தில்தான் பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டுப் போர் ஆசியா முழுவதும் பரவியது. அடுத்த சில மாதங்களில், ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர். அப்படிப்பட்ட நாள்களில் மக்களைச் சிரிக்க வைத்த படம் அது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே காட்சிகளுக்குச் சிரிக்கிறோம்.

1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகங்களும் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியும் ஒரு தலைமுறையின் வார அட்டவணையாகவே ஆயின. தெருவில் தொலைக்காட்சி இருந்த ஓரிரு வீடுகளில் அண்டை வீட்டார் அனைவரும் பாய் விரித்து அமர்ந்து பார்த்த காலம் அது. அந்நாடகங்களில் தோன்றிய கலைஞர்களுள் பலர் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்துகொண்டே சபா மேடைகளில் நடித்தவர்கள். பகலில் வேலை, மாலையில் மேடை என்ற அந்த வாழ்க்கை முறையின் வேர் 1891-இல் முதலியார் நட்டது. இன்று நாம் ஆறுதல் தேடும் பழைய தொலைக்காட்சி நாடகங்களும் ஒரு வகையில் அவரது வழித்தோன்றல்களே.

முதலியாரின் பிற்கால வாழ்வில் இழப்புகள் குறைவில்லை. மேடைத் துணைவர் ரங்கவடிவேலுவின் மறைவு அவரை ஆழமாகப் பாதித்தது. உடன் நடித்த பலரும் ஒவ்வொருவராக மறைந்தனர். அக்காலத்தில் அவர் எழுதிய பெருநூல் 'நாடகமேடை நினைவுகள்'. ஆறு பாகங்களாக விரியும் அந்நூலில், எந்த நாடகத்தில் யார் எந்த வேடம் ஏற்றார், எங்கே தவறினார், எங்கே அவையைக் கவர்ந்தார் என்பதையெல்லாம் நேற்று நடந்ததுபோல் எழுதியுள்ளார். தம் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. பழைய இரவுகளை மீண்டும் பார்க்க அவரிடம் ஒளிப்பதிவு ஏதுமில்லை. நினைவு ஒன்றே இருந்தது. நாம் தொலைக்காட்சி முன் அமர்ந்து செய்வதை அவர் எழுதுகோலால் செய்தார்.

1959-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1964 செப்டம்பரில், தொண்ணூற்றொரு வயதில் அவர் காலமானார்.

அவரது வாழ்வு நமக்கு ஒரு கடமையையும் விட்டுச் சென்றிருக்கிறது. ஆறுதல் தரும் கலைகள் தாமாகவே நிலைத்திருப்பதில்லை. பிரிட்டனின் பிபிசி நிறுவனமே 1960-களில் ஒளிபரப்பிய பல நாடகங்களின் நாடாக்களை அழித்து, மீண்டும் பயன்படுத்தியது. நாடாவின் விலை அன்று கண்ணுக்குத் தெரிந்தது. நாடகத்தின் வருங்கால மதிப்பு தெரியவில்லை. இன்றோ பதிவு செய்வதற்கும் பாதுகாப்பதற்கும் ஆகும் செலவு மிகச் சிறியது. எனவே, நம் சபா நாடகங்களைப் பதிவு செய்யாமல் இழப்பதற்கு இனிக் காரணம் சொல்ல முடியாது.

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் நிறைந்ததும் அவரது படைப்புகள் பொதுவுடைமை ஆகின்றன. முதலியாரின் நாடகங்களுக்கு அந்தக் காலம் 2024-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அவரது நாடகங்களை யாரும் உரிமைத்தொகை இன்றி மேடையேற்றலாம். தாம்பரத்தைச் சுற்றிக் கல்லூரிகள் பல உள்ளன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்வே ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். ஆண்டுக்கு ஒரு முறை, பம்மலிலோ தாம்பரத்திலோ, மாணவர்களும் முதியோரும் சேர்ந்து 'சபாபதி'யை நடித்தால் என்ன? செலவு பெரிதாகாது. வேண்டியவை ஓய்வு நேரமும் ஒத்திகையும் குறித்த நேரத்தில் திரையை உயர்த்தும் ஒழுங்கும்தான்.

தனித்தனி வீடுகளில் தனித்தனிப் பெட்டிகளின் முன் அமர்ந்து சிரிப்பவர்கள், ஒரு மாலையாவது ஒரே கூடத்தில் சேர்ந்து சிரிப்பார்கள். பதினெட்டு வயதில் சபை தொடங்கிய அந்த மனிதருக்கு அவரது பூர்விக ஊர் செலுத்தக்கூடிய மரியாதை இதைவிட வேறில்லை.