சர் சி.வி. ராமனின் ஆபீஸ் நாட்கள்

எங்கள் ஜோகுபாளையம் பக்கத்தில் ராமன் பெயர் தினமும் நாலு தடவையாவது காதில் விழும். இந்திராநகர் எண்பதடி ரோட்டில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி அவர் பெயரில்தான் இருக்கிறது. பஸ் போர்டைப் பார்த்தால் சி.வி. ராமன் நகர். ஆனால் இப்பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறவர்களில், அவர் பத்து வருஷம் நம்மில் பலரைப் போல ஃபைல் பார்த்து, கையெழுத்துப் போட்டு, டிரான்ஸ்ஃபரில் ஊர் ஊராகப் போன சர்க்கார் அதிகாரி என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. நோபல் பரிசைப் பற்றியும் ராமன் விளைவைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் கழித்த எனக்கு, 1907 முதல் 1917 வரையிலான அந்தப் பத்து வருஷங்கள்தான் அதிகம் பிடிக்கும்.

பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இவர் இரண்டாமவர். தகப்பனார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் போனதால் குழந்தைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். அகத்தில் புஸ்தகங்களும் இருந்தன, தகப்பனார் வாசிக்கும் வயலினும் இருந்தது. சென்னை பிரெஸிடென்ஸி கல்லூரியில் 1904-இல் பி.ஏ., 1907 தொடக்கத்தில் எம்.ஏ. எம்.ஏ. முடிப்பதற்கு முன்பே, 1906-இல், லண்டன் ஃபிலஸாஃபிகல் மேகஸீனில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்துவிட்டது. அப்போது வயது பதினெட்டு. மேற்படிப்புக்குச் சீமைக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தபோது, உடம்பைப் பரிசோதித்த சிவில் சர்ஜன் அந்த நாட்டுக் குளிரை இந்தப் பையன் தாங்கமாட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் எண்பத்திரண்டு வயது வரை இருந்தார் என்பது வேறு விஷயம்.

சயன்ஸ் படித்தவனுக்கு அந்நாளில் இந்தியாவில் என்ன வேலை இருந்தது? அண்ணா சுப்பிரமணியன் ஏற்கெனவே நிதித் துறையில் சேர்ந்திருந்தார். தம்பியும் அதே பரீட்சையை எழுதினார். முதலிடம். பதினெட்டரை வயதில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் உத்தியோகம், கல்கத்தாவில். போவதற்கு முன் 1907 மே மாதம் விவாகம். பெண் பதின்மூன்று வயது லோகசுந்தரி. வீணை வாசிப்பாள். திருமணமான அதிகாரிகளுக்கு இலாகாவில் ஒரு படி கூடுதலாகக் கிடைக்கும் என்பதால்தான் இந்த அவசரம் என்று அந்தக் குடும்பத்தில் பிற்பாடு வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டாம். எதுவானாலும், பெரியவர்கள் பார்த்து முடிக்கும் அக்காலத்தில், பெண்ணைத் தாமே தீர்மானித்துக்கொண்ட பிள்ளை அவர்.

கல்கத்தாவில் ஒரு நாள் டிராமில் போகும்போது பவுபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு போர்டு அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்பவர் 1876-இல் ஊராரிடம் நன்கொடை திரட்டி ஆரம்பித்தது. அவர் 1904-இல் காலமான பிறகு உள்ளே பெரிதாக ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. ராமன் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆஷு பாபு என்கிற ஆஷுதோஷ் டே. அன்று முதல் இருபத்தைந்து வருஷம் அவரே ராமனுக்கு வலது கை. மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் சர்க்கார் கௌரவக் காரியதரிசி. கட்டடத்தையும் கருவிகளையும் அந்த இளைஞரிடம் மகிழ்ச்சியோடு ஒப்படைத்தார்.

அதன் பிறகு அவருடைய தினசரி எப்படி இருந்தது என்பது லோகசுந்தரி அம்மாள் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குப் போய்விடுவார். பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது ஓடி வந்து, ஸ்நானம், அவசர அவசரமாக இரண்டு வாய் சாப்பாடு, உடனே வண்டி பிடித்து ஆபீஸ். ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டால் நேரே மறுபடியும் சங்கம். அகத்துக்கு வர இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான். இரண்டாம் முறை கல்கத்தாவுக்கு வந்தபோது சங்கத்தை ஒட்டிய வீட்டையே வாடகைக்கு எடுத்து, இடையில் ஒரு கதவும் வைத்துக்கொண்டார்கள். நினைத்த நேரத்தில் போகலாம், வரலாம்.

படிக்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தினசரியை அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணின் பக்கத்திலிருந்து யாராவது பார்த்தார்களா? புது ஊர். பாஷை தெரியாது. பேச்சுத் துணைக்குக் குழந்தையும் வெகு காலம் இல்லை. இளைய மகன் ராதாகிருஷ்ணன் பிறந்ததே 1929-இல்தான், அதாவது கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து. ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு மீதி நேரமெல்லாம் ஆபீஸ், ஆய்வுக்கூடம் என்று போகிற மனுஷனுக்கு வேளாவேளைக்குச் சாதம் வடித்துப் போட்டு, இரவு அடுப்பை அணைக்காமல் காத்திருந்தது ஒரு ஜீவன். ராமனின் ஓய்வு நேரம் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்களே, அதில் பாதி அந்த அம்மாளுடைய நேரம் என்பது என் அபிப்பிராயம்.

ஓய்வு நேரம் என்று இலேசாகச் சொல்லிவிட்டேன். கணக்கு இலாகாவில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மார்ச் 31-இல் வருஷம் முடிகிற வழக்கம் 1867-இலேயே இங்கே வந்துவிட்டது. ஆகவே ராமனுக்கும் நமக்கும் ஒரே பரபரப்புக் காலம்தான். பிப்ரவரி பிறந்தால் பட்ஜெட், மார்ச்சில் செலவுச் சீட்டுகள் மலையாகக் குவியும், ஏப்ரலில் அவற்றைச் சரிபார்க்கும் வேலை. என் சர்வீஸில் மார்ச் கடைசி வாரத்தில் இரவு எட்டு மணிக்கு முன் நான் வீடு திரும்பியதாக நினைவில்லை. வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. இந்த மனிதர் அதையும் செய்துவிட்டு அந்தப் பத்து வருஷத்தில் முப்பதை ஒட்டிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதியிருக்கிறார். (அவர் உத்தியோகத்திலேயே நீடித்திருந்தால், 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி ஒளிச்சிதறலைப் பார்ப்பதற்குப் பதிலாக வருஷ முடிவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்!)

1909-இல் ரங்கூனுக்கு மாற்றல் வந்தது, கரன்ஸி அதிகாரியாக. சங்கம் கல்கத்தாவில், இவர் கடலுக்கு அப்பால். அங்கே கால் ஊன்றுவதற்குள் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி. 1910-இல் சந்திரசேகர ஐயர் காலமானார். ராமனுக்கு அப்போது வயது இருபத்தொன்று. கீழே தம்பிகள், தங்கைகள். ஆறு மாதம் லீவு போட்டுச் சென்னைக்கு வந்து காரியங்களைச் செய்து முடித்தார். முடிந்ததும் மீதி லீவில் என்ன செய்தார் என்று கேட்டால், தாம் படித்த பிரெஸிடென்ஸி கல்லூரிக்குப் போய் அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இதை முதலில் படித்தபோது என்ன மனுஷர் இவர் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பா போன துக்கம் இல்லையா? பிறகு என் தகப்பனார் 1983-ஆம் வருஷம் மார்ச் மாதம் காலமானார். பதின்மூன்றாம் நாள் சுபம் ஆகி மறுநாளே ஆபீஸுக்குப் போனேன். மேஜை மேல் இருந்த கணக்குகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் திரும்பத் திரும்ப அதே கதையைச் சொன்னபோது கிடைக்காத ஆறுதல் அந்தக் காகிதங்களில் கிடைத்தது. ராமன் சென்னையில் அந்த மாதங்களில் என்ன நினைத்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. ஆகவே நானும் ஊகிக்க மாட்டேன். ஆனால் ஒரு தகவலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயலின் வாசித்த அந்தத் தகப்பனாரின் மகன் அடுத்த எட்டு வருஷங்களில் மிக அதிகமாக ஆராய்ந்த பொருள் வயலின் தந்திதான்.

அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒளியை ஆராய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். தந்தியை ஆராய ஒரு தந்தி, ஒரு இசைக்கவை, ஒரு காமிரா இருந்தால் ஆரம்பித்துவிடலாம். 1909-லேயே ஏக்தாராவைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஒற்றைத் தந்தி வாத்தியம் வங்காளத்தில் பிச்சைக்காரர் கையில்கூட இருக்கும். வயலின் வகை வாத்தியங்களில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் வில் நழுவி, நாதம் உறுமுவது போல் கேட்கும். மேல்நாட்டார் அதற்கு ஓநாய் ஸ்வரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாத்தியத்தின் மரப்பெட்டிக்கென்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு. தந்தியும் அதே அதிர்வில் வாசிக்கப்படும்போது, வில் கொடுக்கும் சக்தியைவிட அதிகமாகப் பெட்டி உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் தந்தி தடுமாறுகிறது. இதை 1916-இல் விளக்கினார். கை வாசித்தால் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் மாறும் என்று, வயலினைத் தானாக வாசிக்கும் ஓர் இயந்திரத்தையும் செய்தார். அதில் வில் அசையாமல் நிற்கும், வயலின் முன்னும் பின்னும் போகும்! இந்த விஷயம் முழுவதும் 1918-இல் சங்கத்தின் வெளியீடாகப் பெரிய நூலாக வந்தது.

ரங்கூனுக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே நாகபுரி, 1911-இல் மீண்டும் கல்கத்தா. 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஆஷுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நம்மில் எத்தனை பேர் இதற்குத் தலையாட்டுவோம்? நம் ஆத்தில் கேட்டால் என்ன பதில் வரும்? லோகசுந்தரி அம்மாள் தடை சொன்னதாக எங்கும் இல்லை. பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சி பெற நான் போகமாட்டேன் என்று ராமன் பிடிவாதமாக நின்றார், நிபந்தனை தளர்ந்தது.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1930-இல் நோபல், 1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய டைரக்டராகப் பெங்களூர் வருகை, 1948-இல் தம் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம், 1954-இல் பாரத ரத்னா. பெங்களூர் வந்த அடுத்த வருஷமே, அதாவது 1934-இல், மிருதங்கத்தைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதினார். கல்கத்தாவில் 1920-இல் தொட்ட விஷயத்தை இங்கே முடித்தார் என்று சொல்லலாம். சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படை ஸ்வரத்தைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒத்துவராத ஸ்வரங்கள்தான் எழும், வெறும் சத்தம். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பும் கருப்புக் கரணை அதன் கனத்தைச் சரியான இடத்தில் கூட்டுவதால் அவை 2, 3, 4, 5 மடங்காக ஒழுங்குபடுகின்றன. அதனால்தான் மிருதங்கத்துக்கு ஸ்ருதி சேர்க்க முடிகிறது. பெயர் தெரியாத நம் முன்னோர் கையால் தடவித் தடவிக் கண்டுபிடித்ததை இவர் கணக்கில் காட்டினார். அடுத்த முறை ராமநவமி கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபி குடிக்க எழுந்து போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

வீட்டு விஷயத்தில் அவ்வளவு ஸ்ருதி சேரவில்லை. மூத்த மகன் தகப்பனாரோடு ஒத்துப்போகாமல் விலகிப் போனார். அந்தப் பிரிவு அம்மாளை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். ராமன் அதைப் பற்றி வெளியே பேசுகிறவர் இல்லை. கடைசிக் காலத்தில் நிலையத்துத் தோட்டத்தில் ரோஜாக்களையும் மரங்களையும் வளர்த்து, பூக்களின் நிறத்தைக் கண் எப்படி உணர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1968-இல் பார்வையைப் பற்றி ஒரு புத்தகமும் வந்தது. அப்போது அவருக்கு எண்பது வயது.

1970 நவம்பர் 21-ஆம் தேதி காலமானார். சடங்குகள் எதுவும் வேண்டாம் என்பது அவர் விருப்பம். நிலையத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்து, அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள். இருபத்தொரு வயதில் தகப்பனாருக்குக் காரியங்களை முறையாகச் செய்தவர் தமக்கு அவை வேண்டாம் என்றது நம் அங்கத்தினர்களில் சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். தகப்பனாருக்குச் செய்தது தகப்பனாருக்காக, தமக்கு வேண்டாமென்றது தமக்காக என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்வீடன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வானொலி வானவியலில் பெயர் எடுத்த இளைய மகன் ராதாகிருஷ்ணன் 1972-இல் திரும்பி வந்து நிலையத்தின் டைரக்டரானார். அவருக்கும் ஓய்வு நேரப் பைத்தியம் உண்டு, பாய்மரப் படகு. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சிறு படகிலேயே போனவர்! லோகசுந்தரி அம்மாள் கணவருக்குப் பின் பத்து வருஷம் பெங்களூரிலேயே இருந்து 1980-இல் காலமானார்.