அடையாற்றுக்குப் பாலமிட்ட வர்த்தகர்

செங்கற்பட்டு மார்க்கமாய்ச் சென்னைப் பட்டணம் போகும் நம் பங்கு மக்கள், பரங்கிமலையைக் கடந்தபின் சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறார்கள். அந்த இடத்தில் முதன்முதல் பாலம் கட்டுவித்தவர் ஒரு கிறிஸ்தவ வியாபாரி என்பதைப் பலர் அறியார். அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். கோஜா என்பது பெரிய வர்த்தகர்களுக்கு வழங்கிய மரியாதைப் பட்டம். பெட்ரூஸ் என்பது அர்ச். இராயப்பருடைய திருநாமமே.

பாரசீக தேசத்தில் இஸ்பகான் நகரை அடுத்த ஜுல்பா என்னும் ஆர்மீனியர் குடியிருப்பில், ஏறக்குறைய 1680-ல் அவர் பிறந்தார். அக்காலத்தில் ஸ்பானியர் வசமிருந்த மணிலாத் துறைமுகத்தில் ஆங்கிலேயர் வியாபாரம் செய்ய அனுமதியில்லை, ஆர்மீனியருக்கோ இருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் அங்கே போயின; வெள்ளி இங்கே வந்தது. இந்த வர்த்தகத்தில் உஸ்கான் பெருஞ்செல்வரானார்.

அர்ச். தோமையார் வேதசாட்சியாய் மரித்ததாகப் பாரம்பரியம் கூறும் பரங்கிமலைக்குப் போகும் யாத்திரிகர்கள், மழைக்காலத்தில் ஆறு பெருகினால் கரையிலேயே நிற்க வேண்டியிருந்தது. உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் 30,000 வராகன் செலவிட்டு, 1726-ல் பாலத்தைக் கட்டி முடித்தார். கட்டியதோடு கடமை தீர்ந்தது என்று அவர் விட்டுவிடவில்லை. பழுது பார்ப்பதற்கென்று 1,500 வராகன் மூலதனமும் ஒதுக்கி வைத்தார். மலையின்மேல் ஏறக் கற்படிகளும் அமைத்தார். வேப்பேரியில் தேவமாதாவுக்கு ஒரு கோயிலும் எழுப்பினார்.

முதுமையில் அவருக்குச் சோதனை வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்து, அவருடைய சொத்துக்களைப் பறிமுதல் செய்தார்கள். புதுச்சேரியில் வந்து குடியேறினால் திருப்பித் தருவதாகச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. தம்மை வாழவைத்த பட்டணத்துக்குத் துரோகம் செய்வதைவிடப் பொருளை இழப்பதே மேல் என்றிருந்தார். 1749-ல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. அவர்களோ, கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்று சந்தேகித்து, கோட்டையிலிருந்த கத்தோலிக்கக் கோயிலைப் பறித்துக்கொண்டார்கள். அறுபத்தெட்டு வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் இதையும் கண்ணால் கண்டார்.

1751 ஜனவரி 15-ந் தேதி, தமது எழுபதாம் வயதில் அவர் மரித்தார். அவருடைய இருதயம் ஒரு பேழையில் வைக்கப்பட்டுப் பிறந்த ஊராகிய ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டதாகக் கூறுவர். சரீரம் வேப்பேரிக் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. மறு வருஷமே, 1752-ல், அக்கோயில் புரொட்டஸ்டாண்டு போதகர் பப்ரிசியுஸ் வசம் போயிற்று. இன்று அவ்விடத்தில் இருப்பது அர்ச். மத்தியா பெயரால் விளங்கும் தென்னிந்தியத் திருச்சபைக் கோயில். பழைய பாலமும் இப்போது இல்லை. 1966-ல் அதனிடத்தில் மறைமலையடிகள் பாலம் வந்தது. மலைப்படிகளில் மட்டும் விசுவாசிகள் இன்றும் ஏறுகிறார்கள்.

பங்குக் குடும்பத்தாரே! நம்மில் பலர் கடைத்தெருவில் வாழ்நாளைக் கழித்தவர்கள். கடை கட்டும் நேரத்தில் கல்லாவை எண்ணுவது வழக்கம். வயது முதிர்ந்து வாழ்க்கையையே எண்ணிப் பார்க்கும்போது, எவ்வளவு சேர்த்தோம் என்பதோடு, நம்மால் யாருடைய வழி சுலபமாயிற்று என்றும் கேட்டுக்கொள்வோம். உஸ்கான் தமக்கென்று வைத்திருந்ததைப் பறிகொடுத்தார். பிறர் கால்களுக்கென்று கொடுத்ததை ஒருவரும் பறிக்கவில்லை.